அண்ணிக்கு மட்டும்

ஜூன் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

நலம். உன் அண்ணனுக்குத்தான் முட்டிவலி விட்டபாடில்லை. பின்அறைத் தரையில் நீ புதைத்துவிட்டுப் போன கருவி பத்திரமாக இருக்கிறது. யாரும் மிதிக்காமல் சுற்றி நாற்காலி போட்டிருக்கிறேன்.

போன வருஷம் மலை சரியப்போகிறது என்ற உங்கள் ஆபீஸ் பேச்சைக் கேட்டுத் தெருவே மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் முடங்கிக் கிடந்ததல்லவா? மலை அசையவே இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரி இன்னும் விடவில்லை. "உங்க நாத்தனார் பொட்டி இன்னிக்கு என்ன ஜோசியம் சொல்லுது?" என்கிறாள். நானும் சிரித்து வைக்கிறேன்.

நீ வந்துபோய் எட்டு மாதமாகிறது. மண்ணைத்தான் விசாரிப்பாயா, எங்களை விசாரிக்க மாட்டாயா?

அன்புடன்,
அண்ணி

ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் பேசப் பயமாக இருக்கிறது. பேட்டரி மாற்ற வரும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

லாரி, காற்று, ஆறு எல்லாம் தரையை ஓயாமல் லேசாக அதிர வைக்கின்றன. அந்த அதிர்வு ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு வேகத்தில் போகிறது என்றுதான் தினமும் பார்க்கிறோம். மண் ஊறித் தளர்ந்தால் வேகம் குறையும். பத்து நாளாகக் குறைந்துகொண்டே வருகிறது.

மேலதிகாரியிடம் காட்டினேன். "போன தடவ பட்டது போதாதா? இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்" என்றார். அவரை மீறி வெளியே சொன்னால் என் வேலை போய்விடும்.

நீங்கள் இருவரும் நாளைக்கே உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள். அண்ணனிடம்கூடக் காரணம் சொல்லாதீர்கள், தெருவையே கூட்டிவிடுவார்.

சின்னு

ஜூன் 27

சின்னுவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இருபத்துநாலாம் தேதி காலையில் சரிந்தது. எங்கள் வரிசையில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. ஒன்பது பேர்.

நாங்கள் கிளம்பிய அன்று தையல்காரி வாசலில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கையில் பைகளைப் பார்த்ததும், "என்னக்கா, பொட்டி ஏதாவது சொல்லிச்சா?" என்றாள். கேலிதான். ஆனாலும் ஊசியை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அம்மாவப் பாத்துட்டு வர்றோம்" என்றேன்.

நம்பிவிட்டாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டாள். அவளை எங்கள் வீட்டுக்குள்ளிருந்துதான் எடுத்தார்கள்.

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. பொய் சொன்னது என் வாய். உன் கடிதத்தை நாளை விசாரணைக்கு வருகிறவரிடம் கொடுக்கப்போகிறேன். உனக்கும் எனக்கும் வருவது வரட்டும்.

நேற்றுதான் உன் அண்ணனிடம் அதைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "குடுத்துடு" என்றார். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி