வாளிக்குள் ஒரு பலகை

ஐப்பசி, ஞாயிறு.

அமராவதி நகர் தாண்டிக் காட்டோரம் கட்டப்போகும் மரவீட்டுக்கு நானே படம் வரைந்தேன். பனியனுக்குப் பேட்டர்ன் போட்டுப் பழகிய கை. துவைத்த துணி மாதிரி மரமும் நனைந்தால் சுருங்குமே என்று எல்லா அளவையும் கொஞ்சம் கூட்டி விட்டிருந்தேன். ஆசாரி பார்த்துவிட்டு, "மரம் நனைஞ்சா சுருங்காதுங்க, ஊதும்" என்றார்.

நான் நம்பவில்லை. துணிக்குச் செய்கிற மாதிரியே ஒரு பலகைத் துண்டை அளந்து, காலையில் வாளியில் ஊறப்போட்டேன்.

"ஏனுங்க, குளிக்கற பக்கெட்டுல எதுக்குங்க கட்டை?" என்றாள் மனைவி.

இப்போது எடுத்து அளந்தேன். நீளம் அப்படியே இருக்கிறது. அகலம் மட்டும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடியிருக்கிறது. அதெப்படி ஒரு பக்கம் மட்டும்?

கதவுக்கும் கூட்டித்தான் வரைந்திருக்கிறேன். மழைக்கு அது ஊதி நிலைச்சட்டத்தில் இறுகிக்கொள்ளும், திறக்க வராது.

நாங்கள் அங்கே போக நினைத்ததே மழை பார்க்கத்தான்.