சாமி புத்தகம் என்று சொன்ன பொய்

12 ஆகஸ்ட் 1943, வியாழன்
புக்கிட் செலம்பாவ்

மதியம் நான் பாடம் நடத்தும் தோட்டத்துப் பள்ளிக்கு ஒரு ஜப்பான் சிப்பாய் சோதனைக்கு வந்தான். மொழிபெயர்க்கக் கூட வந்தவர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் தேவசகாயம் கிராணி.

இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தால் ஜப்பான்காரன் பிடிப்பான் என்று, பேர்போன ஓர் இங்கிலீஷ்காரரின் நாவல்களைப் போன வருஷமே அடுப்பில் போட்டுவிட்டேன். அவர் எழுதிய சின்னக் கவிதைப் புத்தகத்தை மட்டும் மேசைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அவர் கவிதை எழுதியதே பலருக்குத் தெரியாது. நாவல்களில் நல்லவர்களைக் கடவுள் எப்படியும் காப்பாற்றிவிடுவார். கவிதைகளிலோ அவரே பயந்துபோய், பொய் சொல்லிப் பிழைத்தவனை ஏற்றுக்கொள்வாயா என்று கடவுளிடம் கேட்கிறார். பதில் வருவதில்லை.

சிப்பாய் அதைத்தான் கையில் எடுத்தான்.

"சாமி புத்தகம்னு சொல்லுங்கண்ணே," என்றேன்.

கிராணி ஒரு பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். சிப்பாய் தலை குனிந்து, இரண்டு கையாலும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

போகும்போது கிராணி, "கோயில்ல பைபிள் வாசிக்கிறவன் நான். என்னையும் பொய் சொல்ல வெச்சிட்டீங்களே டீச்சர். எரிச்சிடுங்க லா. எனக்கு மூணு பிள்ளைங்க," என்றார்.

எரித்தேன். பயம் போகவில்லை. சிப்பாய் வேறு யாரிடமாவது விசாரித்தால் முதலில் மாட்டுவது கிராணிதான். அவருக்காக வேண்டிக்கொள்ள உட்கார்ந்தேன். எந்த முகத்தோடு கேட்பது?

வெளியே ராணுவ லாரிச் சத்தம் கேட்கிறது. கிராணி வீட்டுப் பக்கம்தான் திரும்புகிறது.