வாக்கியத்தில் அமைத்து எழுதுக

இருங்காட்டுக்கோட்டை,
2.6.2025

அன்புள்ள பூமாரிக்கு,

உன் கணவன் திருமலை ஆசையுடன் எழுதுவது. போன் பண்ணக் கூடாது, நேரில் போகக் கூடாது என்று மகளிர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கினார்கள். கடிதம் போடக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே!

கை ஆறிவிட்டதா? ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்கும் இங்கே மூன்று வேளையும் பரோட்டாதான். நீ விட்டுப்போன இங்கிலீஷ் அகராதியைப் புரட்டினேன். வாயில் நுழையாத சொல்லாகத் தேடித் தேடி அடிக்கோடு போட்டிருக்கிறாய். உனக்காக நானும் தினம் ஐந்து சொல் படிக்கிறேன்.

இருபதாம் தேதி விசாரணையில், எண்ணெய் கொட்டிவிட்டது என்று நீயும் சொல்லிவிடு. அப்படியே வீட்டுக்கு வந்துவிடலாம்.

உன்
திருமலை


சுங்குவார்சத்திரம்,
7.6.2025

என் வீட்டுக்காரருக்கு வணக்கம்.

எண்ணெய் கொட்டவில்லை. "சாட்சி யாரும்மா கீறாங்க?" என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். தோசைக்கல்லா வந்து சாட்சி சொல்லும்?

கம்பெனி லைனில் வேலைக்கு நிற்கும்போது போன் கூடாது, காகிதம் கூடாது. அதனால்தான் டிரெய்னர் பதவித் தேர்வுக்கு வேண்டிய சொற்களை இடது கையில், யூனிஃபார்ம் கோட்டின் கைக்குள் மறையும்படி எழுதிக்கொண்டு போவேன். உங்கள் கூட்டாளி தாண்டவராயன், "உன் பொண்டாட்டி இங்கிலீஷ் பேசிக்கினு மேல பூட்டா இன்னாடா பண்ணுவ?" என்று கேட்டானாம். அவன் கேலிக்கு என் கை வெந்தது. நான் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும். உங்களுக்குக் கேட்கவில்லை.

படிப்பது நிஜமென்றால் ஒரு சொல் தருகிறேன்: கன்ட்ரிஷன். செய்த கொடுமையை நினைத்து நெஞ்சு உருகுவது. எங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சொல்லை, நம் வாழ்க்கையில் நடந்ததை வைத்தே வாக்கியமாக எழுத வேண்டும். பொய்யாக எழுதினால் சொல் மனத்தில் நிற்காது.

எழுதி அனுப்புங்கள். உருகியிருந்தால் வருகிறேன்.

பூமாரி


இருங்காட்டுக்கோட்டை,
14.6.2025

அன்புள்ள பூமாரிக்கு,

திருத்திப் பார்த்துக்கொள்: "தாண்டவராயன் கிண்டல் பண்ணிய அன்று, என் மனைவி பூமாரியின் இடது கையைப் பிடித்து, பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் எழுத்து அழியும்வரை அழுத்தினேன், பிறகு எனக்குக் கன்ட்ரிஷன் வந்தது." வகுப்பில் எனக்குத்தானே முதல் மார்க்?

போதுமா? எத்தனை நாள் கெஞ்சுவது! தேர்வு கீர்வு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்து சேர். இருபதாம் தேதி என்னை மாட்டிவிட்டாயானால், உன் கம்பெனி பஸ் நிற்கும் இடம் எனக்குத் தெரியும். இன்னொரு கை மிச்சம் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்.

உன் அன்புக் கணவன்
திருமலை


சுங்குவார்சத்திரம்,
18.6.2025

திருமலைக்கு,

வாக்கியம் கிடைத்தது. முதல் பாதி சரியாக இருக்கிறது.

நான் பொறி வைக்கவில்லை. உங்கள் கடிதம் வந்தபோது துணிமணிகளைப் பையில் அடுக்கி முடித்திருந்தேன். வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. 'போதுமா' என்ற இடம் வந்ததும் எல்லாவற்றையும் திரும்ப வெளியே எடுத்து வைத்தேன்.

இன்று காலை கடிதத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்தேன். இன்ஸ்பெக்டரம்மா இரண்டு தடவை படித்தார். "இவனே எழுதிக் குடுத்துக்கீறான். இனிமே சாட்சி இன்னாத்துக்கு?" என்றார். புதிதாகப் புகார் எழுதச் சொன்னார். மூன்று பக்கம் வந்தது.

மிச்சம் இருக்கிறது என்றீர்களே, அந்தக் கையால்தான் எழுதினேன்.

பூமாரி