பம்பாய் விமானம் ஒரு மணிக்கு முன்னால் வராது

6.6.88, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. தண்ணீர் லாரி இன்றும் இல்லை. மதியம் மொட்டைமாடி. பம்பாய் விமானம் 12.10க்கு இறங்க வேண்டியது, 1.25க்குத்தான் தலைக்கு மேல். ரிட்டையர் ஆனதிலிருந்து நோட்டில் குறித்து வருகிறேன். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத தாமதம். குரோம்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் ஏர்போர்ட் கிளம்புமுன் என்னைத்தான் கேட்கிறார்கள். "சார், எத்தனை மணிக்குப் போனா சரியா இருக்கும்?" கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

8.6.88, புதன்

பல் வலி. கிராம்பு.

பம்பாயிலிருந்து மகள் உஷா கடிதம். அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இரண்டு வருடமாக அம்மாவுக்கு மட்டும் எழுதியவள், இப்போது எனக்கு. ஆபீஸ் வேலையாக வெள்ளி மதிய விமானத்தில் வருகிறாள், ஞாயிறு மதியம் திரும்புகிறாள். "நீங்க ஏர்போர்ட்டுக்கு வந்து கூப்பிட்டா வீட்டுக்கு வரேன். இல்லேன்னா கெஸ்ட் ஹவுஸ்ல தங்கிக்கறேன்." நாலு தடவை படித்தேன். பிடிவாதம் என்னுடையது, அப்படியே.

வாங்க: காப்பிப் பொடி, தலையணை உறை, பலாச்சுளை (அவளுக்குப் பிடிக்கும்).

10.6.88, வெள்ளி

காலையிலிருந்தே சரோஜா நச்சரிப்பு. "பொண்ணு வரா. இன்னிக்காவது முன்னாடியே போய் நில்லுங்களேன்."

"ஒரு மணிக்கு முன்னால வராதுடி. எனக்குத் தெரியாதா?"

தாம்பரம் மார்க்கெட்டில் பலாச்சுளை பொறுக்கி வாங்கி, ஏர்போர்ட் சேர்ந்தபோது 1.05. விமானம் 12.10க்கே இறங்கிவிட்டதாம். தனியாக ஒரு பெண் நின்றாளா என்று டாக்சிக்காரரிடம் கேட்டேன். "பச்சப் பொடவையா சார்? முக்கா மணி நேரம் ரோட்டையே பாத்துகினு நின்னுச்சு. இப்பத்தான் கார் ஏறிச்சு."

எந்த கெஸ்ட் ஹவுஸ், தெரியாது. அப்பா வரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருப்பாள். வெட்கமாக இருக்கிறது. சரோஜா திட்டவில்லை, சாப்பிடவும் இல்லை.

11.6.88, சனி

மாடிக்குப் போகவில்லை. பல் வலி பரவாயில்லை.

12.6.88, ஞாயிறு

லேசான தூறல். 9 மணிக்கே ஏர்போர்ட் வாசல். கால் கடுப்பு. 11.20க்கு உஷா காரிலிருந்து இறங்கினாள். இளைத்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்."

உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தாள். பம்பாயில் மழை. அங்கிருந்து விமானம் வர நாலு மணி நேரம் ஆகும், வந்தால்தான் திரும்பும். பெட்டியை நடுவில் வைத்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். மார்க்கெட் போன கதையைச் சொன்னேன். நம்பினாளோ என்னவோ. "அப்பாவுக்கு எல்லாக் கணக்கும் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை என் தப்பு. கல்யாணத்துக்கு வராததும் என் தப்புதான். வீட்டுக்கு வாம்மா."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு எழுந்து பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

ஆட்டோக்காரர் கேட்டதற்குப் பேரம் பேசவில்லை.