இம்தியாஸ் மாமாவின் வலக்கை

நோட்டன் பிரிட்ஜ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸஹ்லாவுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், மெல்பர்னில் நீயும் சுகமாய் இருக்க துஆ கேட்கிறேன். இங்கே ஒரு கிழமையாய் விடாத மழை, வாப்பாவுக்கு மறுபடி இருமல், ஆனாலும் கடையைப் பூட்ட மாட்டேன் என்கிறார். அங்கிருந்து லீவில் வந்த இன்சாபிடம் நீ கொடுத்துவிட்ட, கைக்குப் பயிற்சி தரும் கேம் பெட்டி போன மாதமே பத்திரமாய் வந்து சேர்ந்தது. பாரிசவாதத்தில் வலக்கை விழுந்த இம்தியாஸ் மாமாவுக்கு அதைக் கொடுக்கச் சொன்னாய், எனக்கோ மனமே இல்லை. போன கதைய விடு ரம்லா, உன் கூடப்பிறந்த நானாதானே என்றார் வாப்பா. அவருக்கென்ன, நீ சின்னவளாய் இருந்த அப்போது அவர் கட்டாரில் இருந்தார். அங்கிருந்து அவர் உனக்கு அனுப்பிய கேம் பெட்டியை, நீ இன்னொருக்கா மாமா, ஒரே ஒருக்கா என்று அழ அழ, பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்த வெளயாட்டு என்று வயரைப் பிடுங்கி, இதே வலக்கையால் அணைக்கட்டுத் தண்ணீரில் வீசினாரே உன் மாமா, அன்று உன் முகத்தைத் துடைத்தவள் நான். அதை மறக்கவே மாட்டேன்.

அதனால் பெட்டியை அவர் வீட்டுக்கு அனுப்பவில்லை, வேண்டுமென்றால் இங்கே வந்து விளையாடட்டும் என்று மாமியிடம் சொல்லிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் நீ அந்தப் பெட்டியை வைத்துப் பாடம் நடத்தும் படத்தைப் பெரிதாக்கி டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அதைப் பார்க்காமல் அவரால் விளையாட முடியாது. கை எவ்வளவு உயர்கிறது என்பது உன் ஆராய்ச்சிக்குத் தானாக வந்து சேருமாம், ஆனால் ஆள் பெயர் போட மாட்டீர்களாமே. போட்டால் என்ன மகள், எல்லோருக்கும் தெரியட்டும்.

முதலில் அவரால் டிவியில் வரும் ஒரு பலூனைக்கூடத் தட்ட முடியவில்லை. எனக்குச் சந்தோஷமாய் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நேற்று கை தோள்வரை எழும்பியது, பலூன் வெடித்ததும் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். ஆட்டம் முடிந்ததும், தங்கச்சி, இன்னொருக்கா போடு என்றார். நான் எழும்பிப் போய் வயரைப் பிடுங்கிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு உன் படத்தைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு விளங்கிவிட்டது.

நீ கோபிக்காதே, அந்த விளையாட்டுதான் அவர் கைக்கு மருந்து என்று தெரியும், அதை ஒரேயடியாய் நிறுத்த மாட்டேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு, உன் படிப்பிலும் படிப்பிப்பதிலும் அல்லாஹ் பரக்கத் தரட்டும். மறக்காமல் ஒரு புது வயர் அனுப்பு, பிடுங்கிய வேகத்தில் முனை வளைந்துவிட்டது. பக்கத்தில் ஹட்டனிலேயே வாங்கலாம் என்கிறார் வாப்பா. வேண்டாம், நீயே அனுப்பு. அவசரமில்லை, கப்பலில் வந்தாலும் போதும்.

உன் உம்மா
ரம்லா