அச்சரப்பாக்கத்துக் கிணற்றில் காற்று

12 பிப்ரவரி 2001, திங்கள்

காலையிலேயே வெயில். மாமல்லபுரம் சிற்பக்கூடத்திலிருந்து காற்றடிக்கும் கம்ப்ரசரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து அச்சரப்பாக்கம் சேர மணி பதினொன்று. டீசல் 20 லி. பெல்ட் ஒன்று உபரி. சோற்று டப்பாவை மறந்தாயிற்று.

பெட்ரோல் பங்க்கில் பூமிக்குள் புதைத்த தொட்டி ஓட்டை. தொட்டியை மாற்றிவிட்டார்கள், கசிந்தது கசிந்ததுதான். பக்கத்திலேயே இட்லிக்கடை கன்னியம்மாவின் கிணறு. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேல் வானவில் நிறம். கடை மூடி நாலு மாதம். சித்திரை பிறப்பதற்குள் சரியாகாவிட்டால் கிணற்றை மண் போட்டு மூடிவிடுவதாகப் பஞ்சாயத்தில் முடிவாம்.

வேலை: பங்க்குக்கும் கிணற்றுக்கும் நடுவே ஆறு துளை. ஒல்லிக் குழாய். நிலத்தடித் தண்ணீருக்கும் கீழே காற்றைச் செலுத்த வேண்டும். அவ்வளவுதான். பெட்ரோலைக் காற்று கிளப்பிக்கொண்டு போகுமாம். பதினைந்து வருடமாகக் காற்றை வைத்துக் கல் கொத்துகிறவன், எனக்கே சிரிப்பு வந்தது. இந்த வேலையை நடத்தும் இன்ஜினியர் மேடம் சிரிக்கவில்லை.

13 பிப்., செவ்வாய்

அவமானம். குழாயில் மாட்டும் முன் மேடம் தன் வெள்ளைக் கைக்குட்டையைக் காற்று வரும் வாயில் பிடித்தார். மஞ்சளாய் எண்ணெய்ப் புள்ளிகள். என் மெஷின் காற்றோடு எண்ணெயும் துப்பும். தெரியும் எனக்கு. கல்லுக்கு அது ஒரு பொருட்டா? முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும்.

"எண்ணெய எடுக்க வந்துட்டு நாமளே ஊத்தலாமாண்ணா?"

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எண்ணெய் துப்பாத மெஷின் சென்னையிலிருந்து வருகிறது. ஓட்ட என்னையே இருக்கச் சொல்கிறார். எதற்கோ.

21 பிப்., புதன்

புது மெஷின் ஓடி இரண்டு நாள். கரண்டில் ஓடுவது, சத்தம் கம்மி. ஆனால் தெருவே மூக்கைப் பொத்துகிறது. காலை கன்னியம்மா விறுவிறுவென்று வந்து ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

"இன்னா நைனா பண்ணிகினு கீறீங்க? இம்மா நாளு கெணத்தாண்டதான் நாறிச்சி. இப்போ வூட்டுக்குள்ளயே பூந்துகினு நாறுது!"

மேடம் சொன்னார்: "தண்ணிய விட்டு பெட்ரோல் வெளிய வருதும்மா, அதான் நாத்தம். ஆனா உங்க வீட்டுக்குள்ள வந்தது எங்க தப்பு." ஆவியை உறிஞ்சி, நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும் கரித் தொட்டிக்குள் அனுப்பும் குழாய் இன்னும் இரண்டு போடுகிறார்கள்.

அப்புறம் இன்னொன்று சொன்னார். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றனவாம். பெட்ரோலையே தின்னுமாம். மூச்சு முட்டிக் கிடக்கின்றன, காற்றுப் போனால் தின்ன ஆரம்பிக்கும் என்றார்.

கன்னியம்மா குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு அவரே ஸ்விட்சைப் போட்டார்.

இந்த மண்மேல் எத்தனை முறை வெற்றிலை துப்பியிருப்பேன்! காலுக்கடியில் இப்படி ஒரு கூட்டம், என் காற்றுக்காகக் காத்துக்கொண்டு. சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை.

14 மார்ச், புதன்

புழுக்கம். ஊருக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. சோப்பு, பிளேடு வாங்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரில் ஓரமாய்ப் பொடிப்பொடியாய்க் குமிழி! உலை கொதிப்பது போல. வாளி விட்டு எடுத்தால் ஜில்லென்று இருக்கிறது. வானவில் இல்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றதில் டீ ஆறிப்போனது. நான் உள்ளே விட்ட காற்று இத்தனை தூரம் மண்ணுக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறது. சொன்னால் சிற்பக்கூடத்தில் ஒருவனும் நம்பமாட்டான்.

குப்பியில் தண்ணீர் பிடித்தார் மேடம், சோதனைக்கு. கன்னியம்மா: "குப்பி இன்னா சொல்லும்? சோறு வடிச்சா ஆவில தெரிஞ்சிடும்." சோதனையில் தேறும்வரை சொட்டு தொடக்கூடாது என்று மேடம் கண்டிப்பு.

11 ஏப்ரல், புதன்

மேகமூட்டம். இரண்டாவது சோதனையிலும் தண்ணீர் தேறிவிட்டது. குடிக்கலாம். கிணறு மூடுவது ரத்து.

கன்னியம்மா காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. அடுப்பு மூட்டி உலை வைத்தார். வடிக்கும்போது மூன்று பேரும் குனிந்து மோந்தோம். என் மூக்கு டீசலில் செத்த மூக்கு, அதனால் அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"சோத்து வாசனதான் நைனா." அழுதுவிட்டார். நானும்தான்.

மெஷினை நிறுத்தச் சொன்னார் மேடம். ஸ்விட்சில் கை வைத்தேன்.

"நிறுத்தினா மண்ணுக்குள்ள கீற அதுங்க இன்னா ஆவும்?" என்றார் கன்னியம்மா.

"தின்ன பெட்ரோல் இல்லையேம்மா. கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சிடும்."

நிறுத்தினேன். கன்னியம்மா முதல் பிடி சோற்றைக் கொண்டுபோய்க் கிணற்றடி மண்ணில் வைத்தார். காக்காய்க்கா என்று கேட்டேன்.

இல்லையாம்.