ஏழு நிரை, எட்டுக் கண்டு

நண்பரே,

இந்தப் போர்க்காலத்தில் கடதாசிக்கு வந்திருக்கும் தட்டுப்பாடு உமக்குத் தெரியாது. எழுதாத தாள் ஏதாவது கிடக்குமா என்று இன்று பள்ளிக்கூட அலுமாரியைக் குடைந்தேன். தாள் கிடைக்கவில்லை. அடித்தட்டில் உமது சாக்குச் சுருள் கிடந்தது. விரித்ததும் மாப்பசையும் செம்மண்ணும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியது. நீர் கண்ணை மூடி நாலு வருடமாகிறது. தலைமை ஆசிரியன் என்ற மிடுக்கெல்லாம் போய், அலுமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

பழைய சாக்கைப் பிரித்துத் தைத்து, பசை பூசிக் காயவைத்து, செம்மண்ணும் கரியும் இலைச்சாறும் கொண்டு நீர் அதில் ஒரு புகையிலைத் தோட்டம் வரைந்தீர். ஏழு நிரை, நிரைக்கு எட்டுக் கண்டு, எல்லாம் இளஞ்செடிகள். மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுக்க என்றீர். எனக்கு வாயைத் திறந்து வாய்பாடு சொல்வதுதான் படிப்பு.

"சுவரிலை தோட்டம் செய்யிறீரோ? இறைப்பு எப்ப?" என்று கேட்டேன்.

"பிள்ளையள் இறைப்பினம், பெரிய வாத்தியார்" என்றீர். உமக்குக் கோபமே வராது. அதுவே எனக்குக் கோபம்.

அந்த வருடம் நம் இருவருக்கும் உமது வகுப்புப் பிள்ளை பாக்கியத்தைப் பற்றித்தான் கவலை. கணக்கில் ஒருமுறை தவறி, அதே வகுப்பில் மறுபடியும் இருந்தவள். அவளுடைய தகப்பன் சண்டிலிப்பாயிலிருந்து தோளில் மண்வெட்டியோடு வந்து, பள்ளிக்கூட வாசற் படலையில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்: "இந்த முறையும் தவறினாளெண்டால் பள்ளிக்கூடம் வராமல் மறிச்சுப்போடுவன். எனக்குப் புகையிலைக்குப் பாத்தி பாத்தியாத் தண்ணி மாற ஆள் வேணும்."

வித்தியாதரிசி பள்ளிக்கூடப் பரிசோதனைக்கு வர ஒரு கிழமை இருக்கும்போது, பிரம்போடு உமது வகுப்புக்கு வந்தேன். சாக்குப் படத்தைக் காட்டி, "ஏழு தரம் எட்டு?" என்று பாக்கியத்திடம் கேட்டேன். அவள் ஆறுதலாக எண்ணிவிட்டு, "நாப்பத்தெட்டு" என்றாள். பிரம்பை ஓங்கினேன். நீர் குறுக்கே வந்தீர்.

"பொறுங்கோ. என்ன கண்டவளெண்டு முதல் கேப்பம்."

அவள் அழுதுகொண்டே படத்தைக் காட்டினாள். "உதிலை தண்ணி போக வழியில்லை வாத்தியார். எல்லாக் கண்டும் பட்டுப்போம். நடு நிரையை வாய்க்காலுக்கு விட்டிட்டுத்தான் எண்ணினனான்."

தோட்டத்தில் தண்ணீர் மாறும் பிள்ளைக்குத் தெரிந்தது நம் இருவருக்கும் தெரியவில்லை. நீர் வெட்கப்படவில்லை. அன்று பின்னேரமே அவர்களுடைய தோட்டத்துக்குப் போய் வரம்பில் நின்று பார்த்துவிட்டு வந்தீர். அடுத்த நாள் நிரைகளுக்கு இடையே சலவை நீலத்தில் வாய்க்கால் ஓடியது. கிணறு எங்கே, தண்ணீர் இறைக்கும் துலா எங்கே என்று வகுப்பே எழும்பி நின்று சண்டை பிடித்தது, அவற்றையும் வரைந்தீர். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வந்து விரலால் தண்ணீர் விட்டு, நிரை நிரையாக எண்ணினார்கள்.

பரிசோதனை நாள் காலையில் எனக்குப் பயம் பிடித்தது. வருகிறவர் பொல்லாதவர், சுவரில் படம் இருந்தால் பிள்ளைகள் பார்த்துச் சொல்கிறார்கள் என்று எழுதிவிடுவார் என்று யாரோ சொன்னார்கள். நானே ஏறிப் படத்தைக் கழற்றினேன். நீர் தடுக்கவில்லை.

"கழட்டுங்கோ. அவையள் பாத்து முடிஞ்சுது" என்றீர். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னீர்!

வித்தியாதரிசி பாக்கியத்தை எழுப்பி அதே கணக்கைக் கேட்டார். அவள் திரும்பி வெறுஞ்சுவரைப் பார்த்தாள். அவளுடைய விரல் மட்டும் பாவாடையோரத்தில் மெல்ல மெல்ல நகர்ந்தது.

"அம்பத்தாறு."

அவர் நம்பவில்லை. "பாடமாக்கி வைச்சிருக்கிறாய். அப்ப எட்டுத் தரம் ஏழு?"

எட்டாம் வாய்பாட்டை மூன்றாம் வகுப்பில் நாம் படிப்பிப்பதே இல்லை. நான் உம்மைப் பார்த்தேன். நீர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றீர்.

"அதுவும் அம்பத்தாறுதான் ஐயா. அதே தோட்டம்தானே. மற்றப் பக்கத்து வரம்பிலை நிண்டு பாக்கிறது."

வித்தியாதரிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுடைய பேருக்கு நேரே சரி போட்டார். பாக்கியம் நாலாம் வகுப்புக்குப் போனாள். தகப்பன் மறிக்கவில்லை, அவள் எட்டாம் வகுப்புவரை படித்தாள்.

படத்தைக் கழற்றியது பிழை என்று அன்றே உம்மிடம் சொல்லியிருக்க வேண்டும். பெரிய வாத்தியாரென்ற வீம்பு விடவில்லை. இப்போது சொல்கிறேன். இன்று மத்தியானம் ஒரு பிள்ளை கணக்கைப் பிழையாகச் சொன்னது. நான் அதன் பக்கத்தில் குந்தியிருந்து, "என்ன கண்டனி?" என்று கேட்டேன். அது விரலை மடக்கி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது. மணி அடித்தும் நான் எழும்பவில்லை.